கடன் முடிந்தது, பத்திரம் எங்கே?

வீட்டுக்கடன் தவணை ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அபராதம், போன், சிபில் எனும் கடன் மதிப்பெண்ணில் சரிவு. சரி, கடனை முழுதாகக் கட்டி முடித்தவருக்கு அவருடைய அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வங்கி இழுத்தடித்தால்? அதற்கும் அபராதம் இருக்கிறது, நாளொன்றுக்கு 5,000 ரூபாய், கடன் வாங்கியவருக்கே இழப்பீடாக. வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது, வங்கியும் வாய் திறப்பதில்லை.

2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் எல்லாம் கைக்கு வரவேண்டும், பதிவான அடமானமும் நீங்க வேண்டும். வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வீட்டுக்கடன் நிறுவனங்கள் எல்லோருக்கும் பொருந்தும். வீட்டுக்கடன், கல்விக்கடன் போன்ற தனிநபர் கடன்களுக்குத்தான். தொழிலுக்கு வாங்கியது இதில் வராது. பத்திரத்தையே தொலைத்துவிட்டார்களா? நகல் எடுக்க உதவி செய்து, செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் தருகிறார்கள், அதாவது 60 நாள் தாண்டிய பிறகு அபராதம் ஓடத் தொடங்கும்.

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கடன் முடிந்து இரண்டு மாதம், போகும்போதெல்லாம் “பத்திரம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார், அடுத்த வாரம் வந்துடும்” என்றே பதில், அவரோ பிள்ளைகளிடம் லீவு லெட்டர் எழுதி வாங்கிப் பழகிய மனிதர், ஆனாலும் எழுத்தில் எதுவும் கேட்காமல் நம்பித் திரும்பியிருக்கிறார். உத்தரவின் தேதியைப் போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கச் சொன்னேன், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள் என்றேன். நாலே நாளில் போன் வந்தது. போனால் பத்திரத்தோடு ஒரு தாளையும் நீட்டியிருக்கிறார்கள்: ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ நல்லவேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். ‘பத்திரங்கள் பெற்றுக்கொண்டேன், தாமதத்துக்கான இழப்பீடு வரவேண்டியுள்ளது’ என்று அவர் கையாலேயே எழுதி, தேதி போட்டு, பத்திரத்தை வாங்கிவந்தார்.

இழப்பீட்டுக்கு வங்கியிடமே முதலில் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்காக வக்கீல் போட்டால் ஏற்க மாட்டார்கள், நீங்களோ, நீங்கள் அதிகாரம் கொடுத்த வக்கீல் அல்லாத ஒருவரோதான் போடவேண்டும் (என் பிழைப்புக்கு நட்டம், என்ன செய்வது). ஆசிரியர் பேரனை உட்காரவைத்துப் போட்டார், பணமும் வந்தது.

ஆனால் அவர் வீட்டு வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்புறமும் அப்படியே நின்றது. அடமானக் கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிய வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவேண்டியிருந்தது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினோம், நகலில் முத்திரையோடு.