திரை வாசகர் என்பவர் யார்?

சென்ற மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்பது அன்றைய பாடம். கையில் கொடுத்த தாளில், ‘திரை வாசகர்களுக்கு ஆதரவளிக்கும் கோப்புகளையே தரவும்’ என்று இருந்தது. பக்கத்தில் இருந்த டீச்சர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “யாருங்க சார் அந்த வாசகர்கள்? சினிமாப் பத்திரிகை படிக்கிறவங்களா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தாள் ‘திரை வாசகர்’ ஆக்கிய ஸ்கிரீன் ரீடர் என்பது ஆளல்ல, திரையில் இருப்பதைக் குரலாக்கித் தரும் மென்பொருள். 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் டாஸ் இயங்குதளக் கணினிக்காக எழுதிய மென்பொருளின் பெயர் அது; பிறகு அந்த வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது. இன்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை 2006இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையற்றவர். ஆண்ட்ராய்டு போனில் இருப்பது டாக்பேக்.

‘வாசகர்’ இயந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை, அதை விட்டுவிடலாம். யோசித்துச் செய்தவர்களின் ‘திரைப் படிப்பான்’, ‘திரை வாசிப்பான்’ இரண்டோடும்தான் எனக்குச் சண்டை.

படிப்பான் கட்சிக்காரர்கள் வாசி வடமொழிவழி வந்தது, படி நம்முடையது என்கிறார்கள். சரி. ஆனால் வகுப்பில் “எழுந்து நின்னு வாசி” என்றால் பையன் வாய்விட்டு வாசிப்பான். “வீட்டுக்குப் போய்ப் படி” என்றால் வாயைத் திறக்கவே வேண்டாம். வானொலியில் ‘செய்திகள் வாசிப்பது’ என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். வீணையையும் வாசிக்கத்தான் செய்கிறோம். வாசிப்பில் ஓசை இருக்கிறது, இந்த மென்பொருளுக்கு உயிரே ஓசைதான். தூய்மைக்காக அதைப் பிடுங்கிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் வாசிப்பான்? ‘பையன் வாய்விட்டு வாசிப்பான்’ என்று மேலே எழுதினேனே, அந்தச் சொல் இயல்பாக வருகிற இடம் அதுதான். ‘திரை வாசிப்பான் நின்றுவிட்டால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் யார் வாசிப்பான், யார் நின்றுவிட்டால் என்று ஒரு நொடி தடுமாற வேண்டியிருக்கிறது. அழிப்பானும் துடைப்பானும் இல்லையா என்பார்கள். இருக்கின்றன, ஆனால் அவை பேசாமல் மேசையில் கிடப்பவை. பேசுகிற பொருளுக்கு ‘ஆன்’ போட்டால் அது ஆளாகிவிடுகிறது. அதுவும் பெண்குரலில் பேசும் ‘வாசிப்பான்’! ‘ஆன்’ வேண்டாமென்று வெட்டினால் மிஞ்சுவது திரைவாசி. சென்னைவாசி மாதிரி, கோடம்பாக்கத்தில் குடியிருப்பவர் போல.

நான் சொல்வது திரைசொல்லி. கதைசொல்லி, குறிசொல்லி என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கும் வார்ப்பு, ஆண் பெண் தொல்லையும் இல்லை. தூய்மைக் கட்சிக்கும் ‘சொல்’லில் குறை சொல்ல முடியாது. தவிர, அது எழுத்தை மட்டுமா வாசிக்கிறது? ‘தலைப்பு’, ‘இணைப்பு’, ‘பொத்தான்’ என்று, எழுத்தாக எழுதியிராததையும் சொல்கிறது.

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் திரைசொல்லி தேவைப்படாது. அந்தப் பிள்ளைக்குத் திரை தெரிகிறது. பொத்தானையெல்லாம் யாரும் சொல்ல வேண்டாம். பாடத்தை உரக்க வாசித்து, வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டினால் போதும். அதை உரைவாசிப்பு என்று தனியே சொல்லலாம். பயிற்சித் தாளிலோ இரண்டுக்கும் ஒரே ‘வாசகர்’.

இன்னொரு கூத்து, அந்தத் தாளின் கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய எழுத்துரு அது. ‘தமிழ்’ என்ற சொல்லைத் திரைசொல்லியிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வரும். ஆதரவளிக்கும் கோப்பு!

என் வகுப்பில் டாக்பேக் வைத்திருக்கும் பையனிடம் திரைசொல்லி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கோள்சொல்லி மாதிரி இருக்கு சார்” என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “அதுவும் சரிதான். ஹெட்போன் மாட்டலைன்னா நான் தப்பா அடிக்கிறதை வகுப்புக்கே சொல்லிக் குடுத்துடுது.”