டல் மேக்கப் போடச் சொல்லும் முன்

சென்னையில் பத்து வருடமாக சினிமாவுக்கு மேக்கப் போடுகிறேன். அடிக்கடி என்னைத் தேடி வரும் வேலை, சிவப்பான பெண்ணைக் கறுப்பாக்குவது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'டல் மேக்கப்' என்று பெயர். முகத்துக்குப் போடுவது எளிது. காது மடலின் பின்பக்கம், பிடரி, விரல் கணு என்று எதையும் விடாமல் போட வேண்டும், வேர்த்தால் முதலில் அங்கேதான் கரையும். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கேமராவில் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். கறுப்புத் தோலுக்குள் செம்மையும் மஞ்சளும் கலந்து ஓடுகின்றன. மேலே பூசுகிற பழுப்பில் அந்த உயிர் வராது.

சில வருடங்களுக்கு முன் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு. நாயகிக்கு மீனவப் பெண் வேடம். எந்த ஷேடு என்று நான் குழம்பியபோது உதவி இயக்குநர், கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணை அழைத்து வந்தார். "இவங்க கையைப் பக்கத்துல வச்சு ஷேடு பாத்துக்குங்க அக்கா" என்றார். அந்தப் பெண் தெருநாடகத்தில் நடிப்பவள். கையை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். நானும் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது, லீனா ஹோர்னின் கதையைப் படித்தபோது. 1942இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோ ஒப்பந்தம் செய்த கறுப்பினப் பாடகி, நடிகை. படங்களில் அவருடைய பாடல் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். அமெரிக்காவின் தென் மாநிலத் தியேட்டர்களில் கறுப்பினத்தவரைக் காட்டுவதற்கு ஆட்சேபம் வந்தால் வெட்டி எறிய வசதியாக இருக்க வேண்டுமே! அவருக்கென்றே மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 'லைட் ஈஜிப்ஷியன்' என்ற ஷேடைத் தயாரித்தது என்றும், பிறகு வெள்ளை நடிகைகளைக் கலப்பினப் பெண்ணாகக் காட்ட அதையே பூசினார்கள் என்றும் ஹோர்ன் சொல்லியிருக்கிறார்.

அப்படிப் பூசிக்கொண்டவர்களில் ஒருவராக அவர் சொல்வது ஏவா கார்ட்னரை. படம், அதே பெயருள்ள மேடை நாடகத்திலிருந்து எடுத்து 1951இல் வந்த 'ஷோ போட்'. அதில் ஜூலி என்ற பாத்திரம், மிசிசிப்பி ஆற்றில் ஓடும் நாடகப் படகின் நட்சத்திரம். வெள்ளைக்காரி என்று எல்லோரும் நம்பியிருக்க, அவள் உடலில் கறுப்பின ரத்தம் உண்டு என்று தெரியவருகிறது. வெள்ளைக்காரக் கணவனோடு வாழ்வதே அங்கே குற்றம். அவன் அவள் விரலைக் கீறி ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, தன் உடம்பிலும் அந்த ரத்தம் இருக்கிறது என்கிறான். ஆனாலும் இருவரும் படகை விட்டு வெளியேற வேண்டியதாகிறது.

ஜூலியாக நடிக்க ஹோர்ன் ஆசைப்பட்டார். 1946இல் வந்த வேறொரு படத்தில், இதே நாடகத்தின் சிறு பகுதியில் ஜூலியாக வந்து பாடியும் இருந்தார். முழுப் படம் என்று வந்தபோது வேடம் கார்ட்னருக்குப் போனது. வெள்ளையர், கறுப்பினத்தவர் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி சொன்னது. 1956 வரை அந்த விதி இருந்தது. கதையில் ஜூலி யாராக இருந்தாலும், கேமராவுக்கு முன் நிற்பது இரண்டு வெள்ளையர் என்றால் ஸ்டுடியோவுக்குத் தலைவலி இல்லை. ரத்தத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை விரட்டும் கதையை எடுக்க, அதே காரணத்துக்காக ஒரு நடிகையை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஹோர்னின் சொந்த வாழ்க்கையும் ஜூலியின் வாழ்க்கைதான். அதே ஸ்டுடியோவின் இசையமைப்பாளர், வெள்ளையரான லென்னி ஹேடனை 1947இல் பாரிஸில் மணந்தார். கலிஃபோர்னியாவில் அப்போது அப்படித் திருமணம் செய்யத் தடை இருந்தது. 1948இல்தான் அங்கே நீதிமன்றம் தடையை நீக்கியது. 1950 வரை அவர்கள் திருமணத்தை வெளியே சொல்லவில்லை.

கார்ட்னரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஹோர்னின் தோழி. பாடல்களைத் தானே பாட உழைத்தார். படத்திலோ பாடகி அனெட் வாரனின் குரலைப் போட்டுவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நிறமும் பூச்சு, குரலும் இரவல். இரண்டும் சொந்தமாக இருந்த பெண்ணை அதே ஸ்டுடியோ கொஞ்ச காலம் முன்புவரை சம்பளத்துக்கு வைத்திருந்தது.

இதைப் படித்தபின் அந்தக் கடற்கரைப் பெண்ணின் கை நினைவுக்கு வந்து பல நாள் தூங்க முடியவில்லை. இப்போது யாராவது டல் மேக்கப் என்று கூப்பிட்டால், அந்த நிறத்தில் எத்தனை பேரை ஆடிஷனுக்கு அழைத்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன். இதனால் இரண்டு படங்கள் கைவிட்டுப் போயின, சரி, போகட்டும். அறிமுக இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடிக்க வருபவர்களை மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எந்த முகம் திரையில் எப்படி வரும் என்று நான் இலவசமாகவே பார்த்துச் சொல்கிறேன்.

அந்தத் தெருநாடகப் பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்து இதுவரை நான்கு குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு குழு ஆடிஷனுக்கு அழைத்திருக்கிறது.