கசிந்த கடிதமென்றால் உண்மையாகிவிடுமா?

கோவையில் இணையக் குற்ற வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர், பஞ்சு படிந்த கைப்பேசியை நீட்டினார். 2025 மே மாத எல்லை மோதலின்போது அவர் மகன் பரப்பிய ‘ராணுவ ரகசியக் கடிதம்’. தலைமைத் தளபதி வி.கே. நாராயண் எழுதியதாம். அப்போது தளபதி உபேந்திர துவிவேதி! கடிதம் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் உடனே அறிவித்தது. “உள்ளிருந்து கசிந்ததுங்க, பொய்யாகவா இருக்கும்?” என்கிறார் இவர். எத்தனை பேருக்குத்தான் இதையே விளக்குவது?

உண்மையாகவே கசிந்த தாளும் உங்களிடம் வரும்போது உண்மையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2023இல் அமெரிக்க விமானப்படையின் துணைப் படையான ‘ஏர் நேஷனல் கார்டை’ச் சேர்ந்த 21 வயது ஜாக் டெய்ஷெய்ரா உக்ரைன் போர் ஆவணங்களைக் கசியவிட்டார். அவை டெலிகிராமுக்குப் போனபோது ஒரு பக்கத்தில் ரஷ்யத் தரப்புச் சாவுகளை யாரோ குறைத்து, உக்ரைன் தரப்பை ஏற்றியிருந்தார்கள். இந்த எண் பொய் என்று அரசு சொன்னால், மற்றவை மெய்யா என்ற கேள்வி வரும். வாயை மூடினால் பொய்யே நிலைக்கும். அதன்பின் அரசு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. அதே மே மோதலின்போது ஏடிஎம்கள் மூடப்படும் என்ற வதந்தியை அரசு மறுத்தபோது, “வேறென்ன சொல்வார்கள்?” என்று என்னிடமே கேட்டார்கள்.

கசிவுதான் உண்மையைக் கொண்டுவரும் என்று, 1971இல் கசிந்த பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) ஆவணங்களைச் சொல்லி வாதாடுவார்கள். வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு மக்களிடம் பொய் சொன்னது அதில் அம்பலமானது. நம்பிக்கையைக் கெடுத்தது அந்தப் பொய். பத்திரிகையாளர்கள் வாரக்கணக்கில் படித்து ஆராய்ந்த பிறகே அச்சிட்டார்கள். குடும்பக் குழுவில் வந்த படத்தை யார் ஆராய்ந்தார்கள்?

‘ரகசியம்’ என்று எது வந்தாலும் அனுப்பாதீர்கள். மெய்யென்றால் 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இருக்கிறது. தெரிந்தே வாங்கியவரையும் அது விடாது. பொய்யென்றால், பீதியைக் கிளப்பும் நோக்கத்தோடு பரப்பியவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 353ஆம் பிரிவு. இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. விசாரணைக்கு அழைப்பு வந்தபின் பதறி அழிக்காதீர்கள். தடயத்தை மறைத்தீர்கள் என்றாகிவிடும். சூலூர் விமானப்படைத் தளத்தில் விமானம் ஏறுவதைப் படமெடுத்துப் போடுவதையும் நிறுத்துங்கள்.

அதிகாரிகளே, மறுப்பைத் தமிழில், அன்றைக்கே வெளியிடுங்கள். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள்: அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்பதைச் சண்டை ஓயும்வரை கல்யாண வீட்டில்கூடச் சொல்லாதீர்கள், தாயே.