தியரி ஆஃப் மைண்ட்: தமிழில் ‘உளமறிதல்’

உளவியலில் வரும் ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘மனக் கோட்பாடு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர், மனத்தைப் பற்றி யாரோ ஓர் அறிஞர் வகுத்த கொள்கை என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது ஒரு திறன். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எதை நம்புகிறார் என்று ஊகிப்பதும், இது என் நினைப்பு, இது என் ஆசை என்று தன்னை அடையாளம் காண்பதும் அதில் அடக்கம்.

சிம்பன்சிகளை ஆராய்ந்த டேவிட் பிரீமாக்கும் கை வுட்ரஃபும் 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய தொடர் இது. அதில் ‘தியரி’ ஏன் வந்தது? பிறர் மனம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே இன்னது இருக்கிறது என்று கருதிக்கொண்டு, அவர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்கிறோம். அதனால் அந்தப் பெயர்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு இதை அழுத்தமாக இணைத்தவர் உளவியலாளர் கிறிஸ் ஃபிரித், 1992இல். தன் எண்ணம் தன்னிடமிருந்து வருகிறது என்ற உணர்வு தளர்ந்தால், அதே எண்ணம் வேறு யாரோ புகுத்தியது போலத் தோன்றலாம் என்றார். பிறர் நோக்கத்தைக் கணிப்பது பிசகினால், தெருவில் இருவர் சிரித்துப் பேசுவதுகூடத் தனக்கு எதிரான சதியாகப்படலாம். இதை நோயின் முழுக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இந்தத் தளர்வு எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை.

அன்றாடத்தில் இது எப்படித் தெரியும்? “ஜன்னல் வழியா ரொம்பக் குளிர்காத்து வருதே” என்று அம்மா சொல்கிறார். மனச்சிதைவு உள்ள மகன் “ஆமாம்” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்பது அவனுக்கு எட்டவில்லை. இப்படிப்பட்ட மறைமுகப் பேச்சைக் கொண்டே சோதிக்கும் முறை ஒன்றை 1995இல் ஃபிரித்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். வீட்டில் இருப்பவர்களோ “வேணும்னே பண்றான், பாசமே இல்ல” என்று நொந்துகொள்கிறார்கள். பாசம் இருந்தும் குறிப்புப் பிடிபடாமல் போகலாம். “ஜன்னலைச் சாத்துப்பா” என்று நேராகச் சொன்னால் எழுந்துபோய்ச் சாத்திவிடுவான். இது தெரியாததால் எத்தனை வீடுகளில் வீண் மனக்கசப்பு!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘குறிப்பறிதல்’ அருமையான சொல். திருக்குறளில் 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் அதுதான் பெயர். ஆனால் அது பிறர் மனத்தை அறிவதோடு நின்றுவிடுகிறது. ‘மனம் படித்தல்’ என்றால் மந்திர வித்தை நினைவுக்கு வரும். ‘உளமறிதல்’ இரு பக்கத்தையும் தாங்கும் என்பது என் கருத்து. வேண்டிய இடத்தில் தன்னுளமறிதல், பிறருளமறிதல் என்று பிரித்துக்கொள்ளலாம். நோயாளியைப் பற்றி எழுதும்போது இந்தப் பிரிவு அவசியம். இரண்டும் ஒரே அளவில் தளர வேண்டும் என்பதில்லை. அடுத்தவர் பேச்சின் குறிப்பை ஓரளவு பிடிக்கிறவரே, தன் எண்ணத்தை யாரோ பேசும் குரலாகக் கேட்கக்கூடும்.