வந்த வழியே திரும்பும் வெளிச்சம்

மார்கழியில் பனி நன்றாக இறங்கிய ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன்பு, சம்பா வயல் வரப்பில் போய் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பயிர்மேல் நீளமாக விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். தலையின் நிழலைச் சுற்றி மட்டும் பயிர் வெள்ளையாக ஒளிரும். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், ஒளி தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்பார். சின்ன வயதில் நானும் அண்ணனும் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறோம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது. அதனால் பனி அதன்மேல் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கிறது. ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டி லென்ஸ். வெயிலைக் குவித்துத் தனக்குப் பின்னால் இருக்கும் இலையில் ஒரு புள்ளியாகப் போடுகிறது. அந்தப் புள்ளியில் சிதறும் வெளிச்சம் அதே லென்ஸ் வழியாக வெளியே வந்து, புறப்பட்ட திசைக்கே திரும்பிப் போகிறது. அது போகிற பாதையை ஒட்டி உங்கள் கண் இருக்கிறது. அண்ணனின் கண் அங்கே இல்லை. அவன் கண்ணுக்கு வருவது வேறு துளிகளின் வெளிச்சம்.

இரவுச் சாலையில் ஒரு குதிரையையோ மாட்டு வண்டியையோ தூரத்திலேயே காட்டிக் கொடுப்பதும் இதே விஷயம்தான். நம் ஊரில் அதை ரேடியம் ஸ்டிக்கர் என்கிறோம். அதில் துளி ரேடியமும் கிடையாது. ஒரு காலத்தில் கடிகார முட்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள், அது இருட்டில் தானாக ஒளிர்ந்தது. அந்தப் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஸ்டிக்கர் தானாக ஒளிராது. வருகிற வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

டெல்டாவில் இதைப் பேச வேண்டிய தேவை நிறையவே இருக்கிறது. காணும் பொங்கலை ஒட்டித் திருக்கடையூரில் மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்லைப் பந்தயம் நடக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் விடியலுக்கு முன்பே குதிரையைத் தார்ச்சாலையில் ஓட்டிப் பழக்குகிறவர்கள் உண்டு. கொள்ளிடக் கரையில் மணல் வண்டிகள் போகும். அறுவடை நாட்களில் வைக்கோல் பாரம் நடுராத்திரியிலும் நகரும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் நெருங்கும்போது, வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிற பக்தர்கள் சாலையோரமாகவே போவார்கள்.

எதிரே வருபவருக்கு எவ்வளவு தூரம் தேவை? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்குப் பட்டு, கால் பிரேக்கில் விழ ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். பிறகு நிற்பதற்கு, காய்ந்த சாலையில், இன்னும் 20, 25 மீட்டர். ஆக மொத்தம் 50 மீட்டர் வேண்டும். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். டிம் லைட்டில், கறுப்போ கருஞ்சிவப்போ ஆன ஒரு குதிரை அவ்வளவு தூரத்தில் தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

"வெள்ளை வேட்டிதானே கட்டியிருக்கிறேன், தெரியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிறது, உண்மைதான். ஆனால் வானத்துக்கும் வயலுக்கும் வாய்க்காலுக்குமாக எல்லாத் திசையிலும் இறைத்து விடுகிறது. ஓட்டுநர் கண்ணுக்குப் போய்ச் சேருவது அதில் ஒரு சிட்டிகை. ஐஎஸ்ஓ 20471 என்ற உலகத் தரவிதி, பாதுகாப்பு உடுப்பில் வரும் புதிய வெள்ளிப் பட்டை வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும் திறனுக்கு 330 என்ற குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. அதே அளவுகோலில் சுத்தமான வெள்ளைத் துணிக்கு 0.3 கூட வராது. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அந்த ஆயிரம் மடங்கு எங்கிருந்து வருகிறது? பட்டையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்பாதியிலும் அலுமினியப் பூச்சு. நெல்மேல் இருந்த பனித்துளியைத்தான் மனிதர் கண்ணாடியில் செய்திருக்கிறார்கள், ஒரு திருத்தத்தோடு. தண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.33. அதனால் துளியின் குவியம் அதன் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி விழுகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு 1.5, குவியம் கொஞ்சம் கிட்டே வரும், ஆனாலும் முதுகைத் தொடாது. எண் 2-ஐ நெருங்கும்போதுதான் வெளிச்சம் சரியாக மணியின் பின்சுவரில் வந்து குவிகிறது. மணியின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் சற்று முன்னதாகவே குவிந்துவிடுவதால், 1.9 அளவுள்ள தனிவகைக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கணக்கிலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. மணி திறந்திருக்கும் பட்டை மழையில் நனைந்து மேலே தண்ணீர்ப் படலம் நின்றால், வெளிச்சம் காற்றிலிருந்து நேராகக் கண்ணாடிக்குள் நுழைவதில்லை. குவியம் இடம் மாறி, பட்டை மங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இப்படி நடக்கும். அதற்குப் பதிலாக முப்பட்டகப் பட்டைகள் கிடைக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கூடும் மூலைகளை நுண்ணிய அளவில் வரிசையாக அச்சடித்து, மேலே வழவழப்பான பிளாஸ்டிக்கால் மூடியிருப்பார்கள். அப்படியொரு மூலையில் விழும் கதிர் மூன்று பரப்பிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். 1969-இல் அப்போலோ 11 பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் இந்த வகைதான். 2023-இல் நம் விக்ரம் லேண்டர் கொண்டுபோய் இறக்கியதும் இதே வகை. மாட்டு வண்டியின் பின்பலகைக்கு இது மிகவும் பொருத்தம். உடம்பில் கட்டிக்கொள்ளும் பட்டைக்கு, வளைந்து கொடுக்கும் மணி வகை வசதி.

லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் ஹெட்லைட்டுக்கே திரும்புகிறது என்றால், அது ஓட்டுநர் கண்ணுக்கு எப்படி எட்டுகிறது? திரும்பும் ஒளி கொஞ்சம் விரிந்து ஒரு மெல்லிய கூம்பாக வருவதால்தான். காரிலும் மோட்டார் சைக்கிளிலும் கண்ணும் விளக்கும் அருகருகே இருக்கின்றன, கூம்புக்குள் கண் வந்துவிடும். லாரியில் கண் விளக்குக்கு வெகு மேலே. 100 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் ஒரு பாகையை நெருங்கும். ஒரு பாகை விலகலில் அதே தரவிதி கேட்பது 330 இல்லை, வெறும் 25. ஆகவே பைக்காரருக்குப் பளிச்சென்று தெரிகிற பட்டை, லாரிக்காரருக்கு அதே தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிரகாசிக்காமல் போகலாம். ஒரு சின்ன துண்டு ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பரப்பு வேண்டும். கூடவே, தானாக எரியும் ஒரு விளக்கும் வேண்டும். பக்கத்துச் சந்திலிருந்து திரும்புகிறவரின் ஹெட்லைட் உங்கள்மேல் படுவதற்குள் நேரம் கடந்திருக்கும்.

பகலுக்கும் அந்திக்கும் வேறு அறிவியல். கண்ணைப் பறிக்கும் பச்சை மஞ்சளிலும் ஆரஞ்சிலும் வருகிற ஜாக்கெட்டுகள் வெளிச்சத்தைத் திருப்புவதோடு நிற்பதில்லை, மாற்றவும் செய்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீல ஒளியையும் உறிஞ்சி, கண் நன்றாகப் பார்க்கும் நிறத்தில் வெளியிடுகின்றன. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கிப் பெயர் வைத்த ஒளிர்வு இது. நம் வீட்டு மஞ்சளுக்கும் இந்தக் குணம் உண்டு, புற ஊதா விளக்கில் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். சூரியன் இறங்கிய பிறகு வானத்திலிருந்து வருவது பெரும்பாலும் நீல ஒளி என்பதால், அந்தி நேரத்தில் இந்தத் துணி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும். இருட்டிய பிறகு அதன் சக்தி போய்விடும். ஹெட்லைட்டில் புற ஊதா மிகக் குறைவு. வெறும் ஒளிர்நிற ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு ராத்திரியில் தைரியமாகப் போவது ஆபத்து.

அந்தியில் நிறங்களுக்கு நடப்பதையும் கவனித்திருப்பீர்கள். பகலில் நம் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சை மஞ்சளில் உச்சம் காணும். இருள இருள அது 507 பக்கம், நீலப் பச்சைக்கு நகர்கிறது. அதனால் நாற்று வயல் இன்னும் வெளுப்பாகத் தெரியும்போதே, ரோட்டோரம் நடக்கிற செவ்வாடை பக்தர்களின் சிவப்பு கறுப்பாகிவிடுகிறது. பகலில் அவ்வளவு எடுப்பான நிறம் அந்தியில் முதலில் அணைகிறது.

அப்படியானால் பச்சை மஞ்சள்தானே நல்லது என்று தோன்றும். திறந்த தார்ச்சாலையில் நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நெற்பயிர் நிற்கும் கார்த்திகை மாதத்தில், பச்சைக்கு முன்னால் பச்சை மஞ்சள் கரைந்துபோகிறது. பயிர் நிற்கிற காலத்தில் ஒளிர் ஆரஞ்சும், பயிர் பழுத்து வைக்கோல் நிறம் வந்தபின் பச்சை மஞ்சளும் எடுபடும் என்பது என் எண்ணம். இரண்டு நிறமும் உள்ள உடுப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஓட்டுநர்களும் சாலையில் இருக்கிறார்கள்.

இனி, எங்கே கட்டுவது? பெரும்பாலானவர்கள் மேலே, நெஞ்சில், தலையில், மாட்டுக்குக் கொம்பில் என்று ஒட்டுகிறார்கள். டிம் லைட்டின் கற்றை எதிரே வருபவர் கண் கூசாதபடி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தூரத்தில் இருக்கும் உருவத்தில் அது முதலில் தொடுவது காலைத்தான். கொம்பைத் தொடும்போது வண்டி வெகு கிட்டே வந்திருக்கும்.

கால் அசைகிறது என்பது இன்னொரு காரணம், எனக்கு மிகவும் பிடித்த காரணம். 1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன், நடக்கிறவர்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் படம்பிடித்தார். அசையாமல் நின்றபோது ஒன்றும் புரியாத புள்ளிக்கூட்டம், நடக்கத் தொடங்கிய கணத்தில் மனிதர் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சாலையில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தால் மைல்கல்லா, வேலிக்காலா, மனிதரா என்று ஓட்டுநர் யோசிக்க வேண்டும். நான்கு பட்டைகள் முன்னும் பின்னுமாக மாறி மாறி அசைந்தால் யோசிக்கவே வேண்டாம். பிரிட்டனின் சாலை விதிநூல், இரவில் குதிரையை ரோட்டில் ஓட்டாமல் இருப்பதே மேல் என்று சொல்லிவிட்டு, ஓட்டியே ஆகவேண்டுமென்றால் குளம்புக்கு மேலுள்ள கணுவுக்குச் சற்று மேலே ஒளிப்பட்டை கட்டச் சொல்கிறது. சவாரி செய்பவர் வலது கையிலோ காலிலோ, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் காட்டும் விளக்கைக் கட்ட வேண்டும் என்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம் போகிறார்கள், அதனால்தான் வலது. வாலுக்கும் ஒளிரும் உறை போடச் சொல்கிறது. பின்னாலிருந்து வருகிறவருக்குக் குதிரையின் கண் தெரியாதே. மாடு, குதிரை இரண்டின் கண்ணும் ஹெட்லைட்டில் மின்னும், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலம் அதற்குக் காரணம். ஆனால் அது முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால்தான்.

வண்டிக்கும் இதையே சொல்லலாம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்ற லாரி வழக்கத்தையே வைத்துக்கொண்டால் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை. பின்பலகையின் இரண்டு கோடியிலும் ஒட்டுங்கள். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒட்டிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். சக்கரத்தின் ஆரக்காலில் இரண்டு துண்டு ஒட்டினால், சுழலும்போது பக்கவாட்டில் வண்டி என்று உடனே தெரியும். சில வருடங்களுக்கு முன் நீடாமங்கலம் தாண்டி, இரவு எட்டு மணிக்கு, ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் மோதும் அளவுக்குப் போய் நின்றேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் பலகையில் நல்ல சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. பாரம் பின்னால் தொங்கி அதை முழுக்க மூடியிருந்தது. அந்தப் பெரியவரும் நானும் என் பையிலிருந்த ஜாக்கெட்டை வைக்கோல் நுனியில் கயிறு போட்டுக் கட்டினோம். அன்றிலிருந்து வைக்கோல் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால், பாரத்தின் கடைசி நுனியில் தொங்கவிட ஒரு துணிப்பட்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பட்டையை நாலைந்து அடி தள்ளி வைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், வெள்ளையாகக் கொழுந்துவிட வேண்டும். டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள், சட்டென்று மங்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் வெள்ளி நிறத் துணி. எத்தனை சலவை தாங்கும் என்று நல்ல ஜாக்கெட்டின் உள்சீட்டில் எண் இருக்கும். வண்டல் சேறு ஒரு மெல்லிய பூச்சாகக் காய்ந்தாலே மணிக்குள் வெளிச்சம் நுழையாது, அதனால் கால்பட்டைகளை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒளிர்நிறச் சாயத்தை வெயில் தின்றுவிடும், கொடியில் நிழலிலேயே உலர்த்துங்கள்.

குதிரைக்கு இதைப் பழக்க நாலைந்து நாள் ஒதுக்குங்கள். தலையின் இரண்டு பக்கமும் கண் இருப்பதால் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வட்டமும் அது பார்க்கிறது, படபடக்கிற எதைக் கண்டாலும் மிரளும். முதலில் கொட்டகையில் மோந்து பார்க்கக் கொடுங்கள். அடுத்த நாள் முதுகில் தடவுங்கள். காலில் கட்டும்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, ஒட்டும் டேப்பைத் தோலில் போடாமல், துணிப்பட்டையாகவே கட்டுங்கள். முன்னங்கால் இரண்டோடு வாசலுக்குள்ளேயே நடக்க விட்டுப் பார்த்து, உதறாமல் நடந்த பிறகு பின்னங்காலுக்குப் போகலாம்.