ஈரல் திடீரென்று கைவிட்டால் ஸ்டெம் செல் காப்பாற்றுமா?

"வெளிநாட்டில ஸ்டெம் செல் ஏத்தினா ஈரல் திரும்ப வளருமாமே, காணியை வித்தாவது கொண்டுபோகட்டோ டொக்டர்?" என்று ஐசியு வாசலில் கேட்பவர்களுக்கு இன்றைய பதில்: வேண்டாம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலம்.

முன்பு ஈரல் வருத்தமே இல்லாத ஒருவருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ இரத்தம் உறையப் பிந்துவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5ஐத் தொட்டு, கூடவே அறிவும் குழம்பினால் அது திடீர் ஈரல் செயலிழப்பு. ஹெப்பரைற்றிஸ் ஏ, பி வைரசுகளாலும் சில நாட்டு மருந்துகளாலும் வரும். திருகோணமலையில் டெங்குக் காலத்தில் நாம் பயப்படுவது பனடோலுக்கு, அதாவது பரசிட்டமோலுக்கு. டெங்கு தானாகவே ஈரலைத் தாக்கும். அதன்மேல் இதுவும் சேர்கிறது.

வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 8 தான் எல்லை. பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 6 மில்லி போதும். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் குதவழி மருந்தும் வைப்பார்கள். பாமசியில் வாங்கிய தடிமன் குளிசைக்குள்ளும் அதே பரசிட்டமோல் இருக்கும். கணக்குத் தப்புவது இப்படித்தான்.

அளவு மிஞ்சினால் அதன் நச்சுக் கழிவை முறிக்கும் குளுட்டதயோன் ஈரலில் தீர்ந்துபோகும். அதை நிரப்பும் மருந்து அசிற்றைல்சிஸ்ரைன். வழமையான முறையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் முதல் ஒரு மணித்தியாலத்தில், 50 அடுத்த 4இல், 100 அடுத்த 16இல் சேலைனோடு ஏறும். ஒரேயடியாக விழுங்கியவருக்கு 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் தப்பும். மூதூரிலிருந்து வருபவர் விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த 8இல் பாதி போய்விடும். இரண்டாம் நாள் வாந்தி நின்று ஆள் தெளிந்தமாதிரித் தெரிவதும் ஏமாற்று. ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொரு ஏமாற்று ரிப்போட்டில் இருக்கிறது. ஈரல் கலங்கள் சிதைந்தால் இரத்தத்தில் கசியும் நொதியமான ஏ.எல்.ரி. 8000இலிருந்து 900க்கு இறங்கியதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போனால் அந்த இறக்கத்தின் பொருள் வேறு: கசிய இனிக் கலங்கள் மிச்சமில்லை. நோயாளியை இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடித்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பறவை சிறகடிப்பதுபோல் கை விழுந்து விழுந்து எழுந்தால் மூளைக்கு நஞ்சு ஏறியாயிற்று.

இனி ஸ்டெம் செல். இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்வது வேறு சங்கதி. அங்கே கெட்ட என்பு மச்சையின் இடத்தை நல்லது பிடிக்கிறது. ஈரலுக்குப் பரிசோதிப்பது பெரும்பாலும் என்பு மச்சை போன்றவற்றிலிருந்து எடுக்கும் மீசென்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை. அவை ஈரலாக மாறுவதைவிட அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரப்பதே அதிகம். நாளத்தில் ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கும். கிலோவுக்கு 10 இலட்சம் என்று ஏற்றினாலும் 60 கிலோ ஆளுக்கு 6 கோடிதான். ஈரலில் இருப்பதோ பத்தாயிரம் கோடிக்கும் மேல். நோயாளியின் சொந்தக் கலத்தை எடுத்து வளர்க்க வாரங்கள் வேண்டும், அவரிடம் இருப்பது நாட்கள். இரத்தம் உறையாத உடம்பில் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயில் நாளத்துக்குள் ஊசி போடுவதே ஆபத்து.

முழுதும் கைவிடவேண்டிய துறையும் அல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஈரல் கலங்களை, கடற்பாசிப் பசையான அல்ஜினேற் மணிகளுக்குள் அடைத்து 8 பிள்ளைகளின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். 4 பேருக்கு ஈரல் மாற்று தேவைப்படவில்லை. ஆனால் அவை தானம் பெற்ற முதிர்ந்த கலங்கள், ஸ்டெம் செல் அல்ல. ஆய்வு என்றால் எழுத்துமூலச் சம்மதமும் நெறிமுறைக்குழு அனுமதியும் இருக்கும். மருந்துக்கே இலட்சக்கணக்கில் காசு கேட்டால் அது வியாபாரம்.

மீளாத ஈரலுக்கு நிரூபிக்கப்பட்ட வழி மாற்றுச் சத்திரசிகிச்சை. அதைச் செய்யும் ராகமை வைத்தியசாலைக்கு இங்கிருந்து ஐந்தாறு மணித்தியாலப் பயணம். பேச்சுக் குழம்பும் கட்டத்திலேயே அங்கே பேசி அனுப்பவேண்டும். மயங்கிய பிறகு என்றால் மூச்சுக்குழாய் போட்டுத்தான் அம்புலன்சில் ஏற்றலாம். வழியில் சீனி மட்டத்தை மணிக்கொருமுறை பார்க்காவிட்டால், ஈரலுக்கு முன் தாழ்சீனி ஆளைக் கொண்டுபோய்விடும்.

வாட்டுக்கு வரும்போது வெறும் குளிசை மட்டைகளையும் எடுத்துவாருங்கள், நாட்டு மருந்துப் போத்தல் உட்பட. முதல் குளிசை எத்தனை மணிக்கு, கடைசி எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிவையுங்கள்.