33 இன்ச் டயர் உள்ளே போகுமா? பழைய பிக்கப்பைத் தூக்கும்போது நடப்பது

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலே கே10 பிக்கப்பை அமெரிக்காவில் 'ஸ்கொயர்பாடி' என்பார்கள். பெட்டி போல் சதுரமான உடம்பு, முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், நாலு மூலையிலும் கனத்தைத் தாங்கி அமுங்கி எழும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), தேவைப்பட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். இந்த வண்டியை வாங்கியவர் பெரும்பாலும் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி இது: கமான் பட்டையை மாற்றி வண்டியை நாலு இன்ச் தூக்கினால் 33 இன்ச் உயர டயர் போகுமா?

போகும். ஆனால் தூக்குவது எதற்கு என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

வண்டிக்கு அடியில் தரைக்கு மிக அருகில் இருப்பது சேசிஸ் அல்ல, ஆக்சில் நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் இழுப்பை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. பாறையில் முதலில் இடிப்பது அதுதான். கமான் பட்டை ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் அதிக வளைவுள்ள பட்டை போட்டால் சேசிஸும் கேபினும் மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்சிலுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது டயர் மட்டும்தான். வழக்கமான 235/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 28.9 இன்ச். அதைக் கழற்றிவிட்டு 33 போட்டால் வித்தியாசம் 4.1, அதில் பாதி, அதாவது இரண்டு இன்ச், டிஃபரன்ஷியல் உயரும். அவ்வளவுதான். பட்டையை மாற்றிக் கிடைக்கும் நாலு இன்ச் அந்த டயர் ஆட இடம் கொடுக்கிறது, வேறொன்றுமில்லை.

இடம் போதுமா என்பதை வண்டி நேராக நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. நேராக நிற்கையில் டயருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி தெரியும், மனசு நிறைந்துவிடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துப் பாருங்கள், அப்போது டயரின் ஒரு முனை உள்ளே போய்க் கமான் பட்டையை நெருங்கும், மறு முனை வெளியே வந்து மட்கார்டின் விளிம்பை நெருங்கும். பழைய டயரின் அகலம் ஒன்பதே கால் இன்ச், புதியது பன்னிரண்டரை. உயரத்தை மட்டும் யோசித்தவர்கள் இந்த அகலத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பட்டையில் உரசினால் என்ன செய்வார்கள்? டயரை வெளியே தள்ளும் ரிம் வாங்குவார்கள். ரிம்மில் ஹப்போடு போல்ட் ஆகும் முகத்திலிருந்து உள் விளிம்பு வரை உள்ள தூரத்துக்கு பேக்ஸ்பேசிங் என்று பெயர், அது குறையக் குறைய டயர் வெளியே வரும். பட்டை தப்பித்தது, சரி. ஆனால் சக்கரம் திரும்புவது தன் நடுவைச் சுற்றி அல்ல, உள்ளே ஆக்சில் முனையில் மேலும் கீழும் இருக்கும் பால் ஜாயிண்ட் என்ற மூட்டுகளின் அச்சைச் சுற்றி. அந்த அச்சிலிருந்து டயர் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பெரிய வட்டம் போட்டுத் திரும்பும், மட்கார்டின் கீழ்ப் பின்மூலையில் போய் இடிக்கும். அப்புறம் தகடை வெட்ட வேண்டும். கூடவே சக்கரம் கல்லில் பட்டால் ஸ்டீயரிங் கையை உதறும், ஹப் பேரிங் அதிகச் சுமை தாங்கும். மட்கார்டில் இரண்டு இன்ச் வெட்டுவதைவிடப் பொருத்தமான ரிம்மைத் தேடி அலைவது மேல் என்பது என் எண்ணம். நாற்பது வருஷம் துருப்பிடிக்காமல் நின்ற தகடு அது.

சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி அந்தப் பக்கப் பட்டை நன்றாக அமுங்கும்படி விடுங்கள், டயரின் தோளில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடியுங்கள். வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் உரசும் இடம்.

அடுத்தது ஸ்டீயரிங். இந்த வண்டியில் டிராக் லிங்க் என்ற கம்பி சேசிஸில் உள்ள ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து முன்பின்னாக ஓடி இடது சக்கரத்தைத் தள்ளி இழுக்கிறது. சேசிஸ் நாலு இன்ச் மேலே போனதும் அந்தக் கம்பி அதிகமாகச் சாய்ந்துவிடும், அப்போது பள்ளத்தில் பட்டை அமுங்கி எழும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். சக்கரப் பக்கத்து ஸ்டீயரிங் ஆர்மை உயரமானதாக மாற்றினால் கம்பி பழைய சாய்வுக்கு வந்துவிடும். அதே நேரத்தில் ஸ்டீயரிங் பாக்ஸைச் சுற்றி சேசிஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய டயரின் இழுப்பில் இந்த மாடல்கள் அங்கேதான் விரிசல் விடும், அழுக்கைச் சுரண்டினால்தான் தெரியும், வலுவூட்டும் தகடு போடாமல் ஓட்டவே கூடாது.

இனி எஞ்சின் பக்கம். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, அதனால் கிரவுன் பினியன் விகிதத்தை (சக்கரம் ஒரு தடவை சுற்ற, ஆக்சிலுக்கு வரும் தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்ற கணக்கு) யாரோ குறைத்துவிட்ட மாதிரி ஆகும். 3.08 விகிதத்தில் மணிக்கு 60 மைல் வேகத்தில் டாப் கியரில் நிமிஷத்துக்கு சுமார் 2,150 சுற்றில் ஓடிய எஞ்சின் 33 டயரில் 1,880க்கு இறங்கும். கேட்க நன்றாக இருக்கும், மேட்டில் தெரியும் அதன் திணறல். பழைய இழுப்பு வேண்டுமென்றால் 3.08 இருந்த இடத்தில் 3.5 பக்கம் வேண்டும், 3.73 இருந்த இடத்தில் 4.26 வேண்டும், அதற்கு அருகில் 4.10 கிடைக்கும். முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் மாற்ற வேண்டும் என்பதால் செலவு இரண்டு மடங்கு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68ஐத் தாண்டியிருக்கும், கேபிளை ஓட்டும் சிறிய பல்சக்கரத்தை மாற்றினால் அது சரியாகும்.

பிரேக்கை மட்டும் யாரும் பேசுவதில்லை. டிஸ்க் பிடிக்கும் பிடி அதேதான், ஆனால் டயரின் ஆரம் 14 சதவீதம் கூடியதால் அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12 சதவீதம் குறையும். டயர் கனம் கூடியது தனிக் கணக்கு. இதற்கு மேல் கேபின் மொத்தம் ஆறு இன்ச் உயர்ந்திருக்கிறது, வளைவில் கவிழும் எல்லை கிட்டே வந்துவிட்டது. பிரேக் ஹோஸை நீளமாக மாற்றாமல் விட்டால் ஆக்சில் தொங்கும்போது அது இழுபட்டு அறுந்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கரான பாப் சாண்ட்லர் உருவாக்கிய 'பிக்ஃபுட்' என்ற ராட்சத டயர் பிக்கப் இருக்கிறது. 1974 ஃபோர்டு எஃப்-250ஐ எடுத்து டயரை ஏற்றிக்கொண்டே போய் 48 இன்ச்சுக்கு வந்தபோது, பிக்கப்பின் ஆக்சில் தாங்காமல் ராணுவ வண்டி ஆக்சிலுக்கு மாற வேண்டியிருந்தது. 33 இன்ச்சில் அந்த நிலை வராது. அதனால்தான் அன்றாடம் ஓட்டும் கே10க்கு நாலு இன்ச் தூக்கலும் 33 டயரும் போதும் என்கிறேன்.

டயர் வாங்கப் போகும்போது நாலு இல்லை, ஐந்து வாங்குங்கள். நாலு சக்கரமும் பூட்டி இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒரே அளவு சுற்றியாக வேண்டும், ஒரு மூலையில் பழைய 29 இன்ச் ஸ்டெப்னியை மாட்டினால் முன், பின் ஆக்சிலுக்கு இழுப்பைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். புது ஸ்டெப்னி அடியில் பழைய இடத்தில் உட்காரவில்லையென்றால் பின்பெட்டியில் நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம்.